உடைத்துக் கட்டுவதற்கு முன்னால், அப்பாவின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்

நீங்கள் எழுதியதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் பலவீனம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, நாலுகால் ஊன்றுகோலோடு ஒருவர் பக்கத்தில் நிற்க மெதுவாக நடக்கிறார். சிங்கப்பூர் யீஷூனில் பழைய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சமையலறையை ஒட்டிய கழிவறையில்தான் குளியலும். வாசலில் 12 செ.மீ. உயரத் திட்டு, கதவுத் திறப்பு 62 செ.மீ. குத்தகையாளர் (கட்டுமான வேலை எடுத்துச் செய்பவர்) வந்து பார்த்து, எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகக் கட்டினால்தான் சரிவரும் என்கிறார். செய்யலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வி கட்டுமான வேலையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கவலை வேறு: நடுராத்திரியில் அப்பா தானாக எழுந்து போனால் விழாமல் திரும்பி வருவாரா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோய்க்குப் பிறகு அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். வார்டிலும், அப்புறம் வீடு வீடாகப் போயும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். சுருக்கமான பதில்: இப்போதைக்கு உடைக்க வேண்டாம். நீங்கள் சொன்ன நிலையில் இருக்கும் ஒருவருக்கு, சரியான இடத்தில் கைப்பிடிகள், சரியான உயரத்தில் உட்காரும் இடம், வழுக்காத தரை, வெளிச்சம் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் உடல் வேகமாக மாறும். இன்றைய நிலைமைக்கென்று கட்டிய குளியலறை ஆறு மாதம் கழித்துப் பொருந்தாமல் போகலாம், தேவைப்படாமலும் போகலாம்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை. அப்பா பகலில் கழிவறைக்குப் போகும்போது, நீங்களோ பணிப்பெண்ணோ வழக்கம்போல் பக்கத்தில் இருங்கள். ஆனால் இந்த முறை அவருடைய வலது கையை மட்டும் கவனியுங்கள். வாசலில் எதைப் பிடிக்கிறார்? திரும்பும்போது கை எங்கே போகிறது? இருக்கையிலிருந்து எழும்போது முன்னால் சாய்ந்து எதைத் தேடுகிறார்? பல வீடுகளில் இதைச் சுவரே சொல்லிவிடும். கதவு நிலையில் ஓர் இடம் மட்டும் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். துண்டு போடும் கம்பியின் ஒரு முனை ஆடும். ஃப்ளஷ் தொட்டியின் மூடி நகர்ந்திருக்கும். அந்த இடங்களிலெல்லாம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவையுங்கள். கைப்பிடி வர வேண்டிய இடங்கள் ஏறக்குறைய அவைதான். பேசினைப் பிடித்து எழுகிறார் என்றால் அதை உடனே நிறுத்துங்கள். பீங்கான் பேசின்கள் பெரும்பாலும் இரண்டு போல்ட்டுகளில் தொங்குகின்றன. ஆளின் எடையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பெயர்ந்து விழுந்தால் உடைந்த விளிம்பு கத்தி மாதிரி வெட்டும்.

இடப்பக்கம் பலவீனமானவர்கள் விஷயத்தில் குடும்பங்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று இருக்கிறது. 'நல்ல கை வலது கை, ஆகவே வலது சுவரில் ஒரு கம்பி போதும்' என்று நினைக்கிறார்கள். ஆனால் அவர் உள்ளே நுழையும்போது வலது கைப் பக்கம் இருக்கும் சுவர், திரும்பி உட்கார்ந்ததும் இடது கைப் பக்கம் வந்துவிடும். வாசலிலும் அதே கதைதான்: போகும்போது வலப்பக்கம் இருந்த நிலை, வரும்போது இடப்பக்கம். போகும்போது பிடித்துப் போனவர், வரும்போது பிடிக்க எதுவுமில்லாமல் நிற்பார். அதனால் வாசலின் இரு பக்கத்திலும் செங்குத்தாக ஒவ்வொரு கம்பி வேண்டும். அவை தவிர, உட்கார்ந்து எழுவதற்கு ஒன்று, குளிக்கும் இடத்தில் இன்னொன்று வேண்டும். கம்பியின் பருமன் 3 முதல் 4 செ.மீ. வரை இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி போதும். ரொம்ப அதிகமானால் கை வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வெள்ளை ஓட்டின் மேல் வெள்ளைக் கம்பி வேண்டாம். கண்புரை உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது.

உறிஞ்சு குமிழ் வைத்து ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். துளை போட வேண்டாம் என்பதால் ஆசையாக இருக்கும். உடல் எடையைத் தாங்கும் பிடியாக அதை நம்பக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எந்த நேரத்தில் கழன்று வரும் என்று பார்வைக்குத் தெரியாது, கழன்று வருவதோ முழு எடையையும் அதன்மேல் போடும் நேரத்தில்தான். துளை போட்டு மாட்டும் கம்பியிலும் சுவரைப் பார்க்க வேண்டும். கெட்டியான சுவர் என்றால் சரி. தட்டினால் உள்ளே வெற்றிடம் மாதிரிக் கேட்கும் பலகைச் சுவரோ, உள்ளே பொள்ளலான கல்லோ என்றால் அதற்கேற்ற ஆணி வேறு. மாட்டி முடித்ததும், வேலை செய்தவரையே அதில் முழு எடையோடு தொங்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், தப்பில்லை.

செலவைப் பொறுத்தவரை, முதியவர்கள் பாதுகாப்பாக இருக்க வீட்டில் மாற்றங்கள் செய்துதரும் வீவகவின் 'ஈஸ்' (EASE) திட்டத்தை முதலில் பாருங்கள். 2012இல் தொடங்கிய திட்டம் இது. சிங்கப்பூர்க் குடிமக்கள் வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் போதும். 60 முதல் 64 வயது என்றால், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் குறைந்தது ஒன்றுக்காவது உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். வீட்டு வகையைப் பொறுத்து 87.5 முதல் 95 சதவிகிதம் வரை அரசு கொடுத்துவிடும். முதல் கழிவறைக்கு எட்டு அல்லது பத்துக் கைப்பிடிகள், இரண்டாவது கழிவறைக்கு ஆறு, தரை ஓடுகளுக்கு வழுக்காத பூச்சு, உயர வித்தியாசம் உள்ள இடத்தில் சரிவுப் பலகை என்று கிடைக்கும். 2024 ஏப்ரலிலிருந்து மடக்கு இருக்கை, நீர் பீச்சும் குழாய், வீட்டுக்குள் நடக்கப் பிடிகம்பி, முடிந்த இடங்களில் கழிவறை வாசலை அகலப்படுத்துவது ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. விண்ணப்பம் சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாகவே போட்டுவிடலாம். ஆட்கள் வரும் நாளில் அப்பா வீட்டில் இருக்கட்டும். அவரை உட்கார வைத்து, எழ வைத்து, நீங்கள் டேப் ஒட்டிய இடங்களைக் காட்டிக் கேளுங்கள். வழக்கமான இடத்தில் அழகாக வரிசையாக மாட்டிவிட்டு, அப்பாவின் கைக்கு அரைச் சாண் தள்ளிப் போன கம்பிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கடைசியில் துண்டுதான் காயும்.

வாசல் திட்டு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் குத்தகையாளர் உங்களைப் பயமுறுத்தியது அதை வைத்துத்தான். அந்தத் திட்டு அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு: குளியலறைத் தண்ணீர் சமையலறைக்கு வராமல் தடுக்கிறது. அதை எடுத்தால் தண்ணீருக்கு வேறு வழி செய்ய வேண்டும், தரைக்குக் கீழே இருக்கும் நீர்க்காப்புப் படலத்தையும் மறுபடி போட வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். அந்தச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்ந்தே வரும். உடைப்பதாக இருந்தால் வீவகவின் அனுமதியும், அங்கே பதிவு பெற்ற குத்தகையாளரும் கட்டாயம். உங்கள் வீடு பழையது என்பதால் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: புது வீடுகளில் கட்டடம் முடிந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை ஓட்டையும் சுவர் ஓட்டையும் உடைக்க அனுமதியே கிடையாது.

சரிவுப் பலகை போட்டால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் வழக்கமான சரிவு. 12 செ.மீ. திட்டுக்கு 144 செ.மீ. நீளப் பலகை வேண்டும். அது உங்கள் சமையலறை நடைபாதையை முழுசாக அடைத்துவிடும். குறுகிய இடத்தில் செங்குத்தான சரிவு போட்டால், ஊன்றுகோலோடு நடப்பவருக்கு அது திட்டைவிட மோசம். நடக்கிறவருக்கு, இரு பக்கமும் கம்பி இருந்தால் 12 செ.மீ. ஏறுவது பெரும்பாலும் முடிகிற காரியம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். திட்டின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். இடப்பக்கம் பலவீனம் என்றால் பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்கத்தில் இருப்பது கவனத்தில் பதியாது. தன்னால் இதெல்லாம் முடியும் என்ற நம்பிக்கையும் உண்மை நிலையைவிடக் கூடுதலாக இருக்கும். அப்பா இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாரா, தட்டின் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எத்தனை கம்பி மாட்டினாலும் அவரைத் தனியே விட முடியாது. அதை உங்கள் தெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

62 செ.மீ. கதவில் சாதாரணச் சக்கர நாற்காலி நுழைவது கடினம். பல நாற்காலிகளின் மொத்த அகலம் 60 முதல் 65 செ.மீ. ஆனால் அப்பா நடக்கிறார், ஆகவே இன்றைக்கு அது பிரச்சினை இல்லை. கதவு உள்பக்கம் திறப்பதுதான் எனக்குக் கவலை. உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. மடக்குக் கதவோ வெளிப்பக்கம் திறக்கும் கதவோ போடலாம். தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும். மடக்குக் கதவு போட்டால் ஒன்று: அதில் சாயவோ பிடிக்கவோ கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள்.

உட்காரும் உயரம். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை ஏறக்குறைய அந்த உயரமோ கொஞ்சம் கூடுதலோ இருந்தால் எழுவது எளிது. தாழ்வான இருக்கைக்கு மேல் 5 அல்லது 10 செ.மீ. உயர்த்தும் வளையம் மாட்டலாம். பாதங்கள் இரண்டும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், தொங்கக் கூடாது. சக்கரமுள்ள காமோட் நாற்காலி (நடுவில் துளையுள்ள, மலசலம் கழிக்க உதவும் நாற்காலி) வாங்கி அதையே கழிவறை இருக்கைக்கு மேல் தள்ளுவது இன்னொரு வழி. குளிக்கவும் அதுவே உதவும். ஆனால் வாங்குவதற்கு முன் கழிவறை இருக்கையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். நாற்காலி தாழ்ந்து இருக்கையில் இடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். உங்கள் வீட்டில் திட்டு இருப்பதால், நான் சக்கரமில்லாத குளியல் நாற்காலியைத்தான் சொல்வேன்: முதுகுச் சாய்வு, இரு பக்கமும் கைப்பிடி, கால் நுனியில் ரப்பர். காமோட், சக்கர நாற்காலி போன்ற சாதனங்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் (AIC) வழியாக வருமானத்தைப் பொறுத்த உதவித்தொகை உண்டு. தெரபிஸ்டின் மதிப்பீடு வேண்டும் என்பதால், வாங்கிவிட்டுக் கேட்காமல், கேட்டுவிட்டு வாங்குங்கள். ரெட்ஹில் பக்கம் இருக்கும், உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் மையத்தில் இதுபோன்ற உதவிச் சாதனங்கள் சிலவற்றை நேரில் பார்க்கலாம்.

இனி, வழிகாட்டிக் கையேடுகளில் வராத, ஆனால் நம் வீடுகளில் கட்டாயம் வரும் விஷயம்: எண்ணெய்க் குளியல். உடம்பு தேறட்டும் என்று சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து விடுவது நம் வழக்கம். அதை விடச் சொல்லி நான் வாதாடுவதில்லை. அவருக்கு அது பிடிக்கும், தோலுக்கும் இதம். ஆனால் உள்ளங்காலில் எண்ணெயோடு ஈர ஓட்டில் கால் வைப்பதைவிட ஆபத்தான ஒன்று குளியலறையில் இல்லை. வழுக்காத பூச்சு போட்டிருந்தாலும் எண்ணெய்ப் படலத்தின் முன் அது நிற்காது. ஆகவே எண்ணெயைக் குளியலறைக்கு வெளியே தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டு நடத்திக் கூட்டிப் போவதில்தான் விபத்து நடக்கிறது. அவரைக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்த பிறகு தேய்த்துவிடுங்கள், முழங்காலுக்குக் கீழே வேண்டாம். வலது உள்ளங்கையில் எண்ணெய் படக் கூடாது, கம்பியைப் பிடிக்கும் கை அது. சீயக்காயோ சோப்போ போட்டு உட்கார்ந்தபடியே கழுவி, நாற்காலி, கம்பி, தரை மூன்றையும் சோப்புத் தண்ணீரால் அலசித் துடைத்த பிறகுதான் அவர் எழ வேண்டும். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் தலைக்கு மட்டும் தொட்டு வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அதேபோல, குவளையில் மொண்டு ஊற்றிக் குளித்துப் பழகியவர் ஷவருக்கு மாற மாட்டேன் என்பார். மாற்ற வேண்டாம். வாளியைத் தரையில் வைக்காமல் ஓர் உறுதியான முக்காலியின் மேல், அவர் வலப்பக்கம் இடுப்பு உயரத்தில் வையுங்கள். தரையில் இருந்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டும், குனிந்து நிமிரும்போதுதான் தலை சுற்றும். உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். ஈரத் தரையில் அது நகரும், கால் விரியும். கழுவிக்கொள்ளும் நீர்க்குழாய் இடப்பக்கம் மாட்டியிருந்தால் வலப்பக்கத்துக்கு மாற்றுங்கள். இடது கையால்தான் கழுவ வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு மனதில் ஆழமாகப் பதிந்திருக்கும். வலது கையைப் பயன்படுத்த நேர்வது அவருக்கு அவமானமாக இருக்கலாம். நீர் தானாகப் பீச்சும் இருக்கை இருந்தால் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீரும்.

சூடான தண்ணீரும் கவனிக்க வேண்டியது. 60 டிகிரி நீர் சில வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். பலவீனமான பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சர்க்கரை நோயும் இருந்தால் பாதத்தில் சூடே தெரியாது. தண்ணீரை எப்போதும் வலது கையாலோ உங்கள் கையாலோ தொட்டுப் பார்த்த பிறகே அவர்மேல் ஊற்றுங்கள்.

எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் வெளிவந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பின்படி, ஏற்கெனவே விழும் அபாயம் அதிகமுள்ள முதியவர்களின் வீட்டில் ஆபத்துகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் விழுவது சுமார் 38 சதவிகிதம் குறைகிறது. அபாயம் அதிகமில்லாத முதியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் அப்பா முதல் வகையில் வருகிறார், ஆகவே இந்த உழைப்பு வீண்போகாது. ஆனால் அந்த எண், வீடு முழுவதையும் பார்த்துச் செய்த மாற்றங்களுக்கானது. கம்பி மட்டும் இவ்வளவு, பூச்சு மட்டும் இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூச்சு எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் உங்கள் துப்புரவைப் பொறுத்தது. சோப்புப் படிவு ஏறினால் அது வழுக்கத் தொடங்கும், வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். கம்பியின் சரியான உயரத்தை நான் இங்கே எண்ணாக எழுதாததற்கும் காரணம் உண்டு. அப்பாவின் கை நீளத்தையும் தோளின் நிலையையும் பார்க்காமல் எழுதும் எண், அதன் மேல் நம்பி எடையைப் போடுபவருக்கு ஆபத்து. பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) அப்பா சிகிச்சை முடிந்து வெளியேறிய மருத்துவமனையிலோ, வீட்டுக்கு வந்து பார்க்கும் தெரபிஸ்டுக்குப் பரிந்துரை கேளுங்கள்.

ஈஸ் வேலை முடிய நாளாகும். அதுவரை இரவுக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய வலப்பக்கம் சக்கரமில்லாத காமோட் ஒன்றும், கைக்கெட்டும் தூரத்தில் சிறுநீர்க் குடுவையும் வையுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் உடனே நிற்காமல் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கலாம். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். வாசலில் கிடக்கும் பழந்துணிக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். கழிவறைக்கென்று தனிச் செருப்பு மாற்றும் வழக்கத்தையும் அவருக்கு மட்டும் விட்டுவிடுங்கள். ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டுவது இப்போது அவரால் ஆகாது. பின்பக்கம் பிடிப்புள்ள, வழுக்காத ஒரே செருப்பு போதும்.

குளிப்பாட்டுவது யார் என்பதையும் அப்பாவிடமே கேளுங்கள். மகளோ மருமகளோ பணிப்பெண்ணோ முன்னால் உடை களைய வெட்கப்பட்டு, யாரும் இல்லாத நேரத்தில் தனியாகக் குளிக்கப் போய் விழுந்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வேட்டித் துண்டை இடுப்பில் விட்டபடியே குளிப்பாட்டலாம். முதுகையும் காலையும் மட்டும் நீங்கள் தேய்த்து, மற்றதை அவரிடம் விடலாம். திரைக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதே சிலருக்குப் போதும். குத்தகையாளரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து அப்பா எப்படி நடக்கிறார் என்று தெரபிஸ்டோடு பார்த்த பிறகு உடைப்பதைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் அவருக்குச் சக்கர நாற்காலிதான் வழி என்று ஆனால், அப்போது வாசலை அகலப்படுத்துவதும் திட்டை எடுப்பதும் நியாயமான செலவு. நாலறை வீட்டில் இரண்டு குளியலறை இருக்கும், ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதை அவருக்குத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.